வீட்டுக் கணனி தானாக நின்று எழுகிறதா? பழி சொல்லும் முன் கவனியுங்கள்



இன்று எமது வீடுகள் பலவற்றில் ஒரு கணனி இருக்கிறது. மேசையோரம் நிற்கும் பெட்டியாகவோ, மடியில் வைத்து எழுதும் லெப்டொப்பாகவோ அது இருக்கலாம். மகளின் உயர்தர ஒப்படை, மகனின் பாடக் குறிப்பு, வெளிநாட்டில் உழைக்கும் கணவரோடு பேசும் பேச்சு, வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்து விற்கும் ஒரு தாயின் வரவு செலவுக் கணக்கு, இவையெல்லாம் அந்த ஒன்றுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

அப்படிப்பட்ட கணனி ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று நின்று விடுகிறது. திரை கறுத்துப் போகிறது. ஓரிரு செக்கன்களில், ஒன்றுமே நடவாதது போல அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. எழுதிக் கொண்டிருந்த மூன்று பக்கங்களைக் காணவில்லை. மறுநாளும் இதே கதை. அடுத்த நாளும் இதே கதை.

அதற்குப் பின்னர் வீட்டில் நடப்பது என்ன? "நீ கேம் விளையாடித்தான் இது பழுதாகியது" என்று இளைய மகனுக்கு ஏச்சு விழுகிறது. "கண்டதையும் இறக்கி வைத்திருக்கிறாய்" என்று மூத்தவள் மீது சந்தேகம் எழுகிறது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போகிறார்கள். அங்கே சில வேளை பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்து விடும்: "எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும்." அல்லது, "இது பழசு, புதிது வாங்குங்கள்."

பழியும் சுமத்தியாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் நோய் இன்னதென்று யாரும் பார்க்கவில்லை. பலருடைய வீடுகளில் கணனி திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய வேலையைத் தொடங்கி விடுவதற்குக் காரணம் இதுதான். இது எப்படி நிகழ்கிறது, ஒரு வீட்டுத் தலைவி தன் கண்ணாலும் காதாலும் எவ்வளவு தூரம் இதனைக் கண்டு பிடிக்கலாம் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நின்று எழுவது ஏன்?

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். கணனி பெரும்பாலும் காரணமின்றி நிற்பதில்லை. பல வேளைகளில் தன்னையும் தன்னிடமுள்ளவற்றையும் காத்துக் கொள்வதற்காகவே அது நிற்கிறது. பிரஷர் குக்கரில் ஆவி மிஞ்சும்போது விசில் தூக்கி ஆவியை வெளியேற்றுவதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும்.

காரணங்களை நான்கு வகையாகப் பிரித்துக் கொண்டால் விளங்குவது இலகு. ஒன்று, கணனிக்குக் கிடைக்கும் மின்சாரம் சரியில்லை. இரண்டு, உள்ளே சூடு கூடி விட்டது. மூன்று, உள்ளே உள்ள ஏதோ ஒரு பாகம் தளர்ந்தோ பழுதாகியோ இருக்கிறது. நான்கு, கணனியை இயக்கும் மென்பொருளில் கோளாறு, அல்லது மென்பொருளே வேண்டுமென்று கணனியை மறுபடி தொடங்குகிறது. முதல் மூன்றிற்கும் "எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடுவது" மருந்தே அல்ல என்பதைக் கவனியுங்கள்.

முதலில் உள்ளதைக் காப்போம்

நோயைத் தேடுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கணனி இயங்கிக் கொண்டிருக்கும் போதே முக்கியமானவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து விடுங்கள். ஒப்படைகள், கணக்குகள், பிள்ளைகளின் சான்றிதழ்ப் பிரதிகள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை ஒரு பென் டிரைவிலோ, தனியான ஹார்ட் டிஸ்கிலோ சேமித்து, அதனைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கணனியிலேயே குத்தியபடி விட்டு வைத்தால் அது பாதுகாப்பாகாது.

அடிக்கடி சட்டென நிற்கும் கணனியில் ஹார்ட் டிஸ்கும் பாதிக்கப்படலாம். எழுதிக் கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு திறக்க முடியாததாகி விடலாம். ஆகவே "நாளை பார்ப்போம்" என்று இதனைத் தள்ளிப் போட வேண்டாம். ஒப்படை எழுதும் பிள்ளைக்கு, ஒவ்வொரு பந்தி முடிந்ததும் கொன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் ஒன்றாக அழுத்திச் சேமிக்கும் பழக்கத்தையும் கற்றுக் கொடுங்கள்.

ஒரு கொப்பியும் ஒரு பேனாவும்

அடுத்து உங்களுக்குத் தேவைப்படுவது விலை உயர்ந்த கருவி எதுவுமல்ல, ஒரு கொப்பியும் ஒரு பேனாவும்தான். கணனி நின்று எழும் ஒவ்வொரு முறையும் நான்கு விடயங்களை எழுதி வாருங்கள். நேரம் என்ன? தொடங்கி எவ்வளவு நேரத்தில் நின்றது? அப்போது கணனியில் என்ன வேலை நடந்து கொண்டிருந்தது? அப்போது வீட்டில் வேறென்ன நடந்தது?

இந்த நான்காவது கேள்வியை எவரும் எழுதுவதில்லை. ஆனால் விடை அடிக்கடி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எனது மாணவர் ஒருவரின் வீட்டில் இப்படித்தான் நடந்தது. மாலையானால் கணனி நின்று நின்று எழும்பும். பன்னிரண்டு வயதுத் தம்பி விளையாடியதால்தான் கெட்டு விட்டதென்று முடிவு செய்து, அவனைக் கணனிக்குக் கிட்டவும் விடவில்லை. அவன் ஒதுங்கிய பின்னரும் அது நிற்கத்தான் செய்தது. அந்த மாணவரின் தாயார் ஒரு கிழமை கொப்பியில் குறித்தார். ஞாயிறு முதல் வியாழன் வரை ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணியை ஒட்டிக் கணனி நின்றிருக்கிறது. வெள்ளியும் சனியும் ஒரு முறை கூட நிற்கவில்லை.

அந்தத் தாயார்தான் காரணத்தையும் கண்டு பிடித்தார். மறுநாள் பாடசாலை இருக்கின்ற இரவுகளில்தான் அவர் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பை அயன் பண்ணுவார். அயன் பெட்டியும் கணனியும் ஒரே மல்டி பிளக்கில் இருந்தன. அயன் பெட்டியின் சிறு விளக்கு அணைந்து மறுபடி எரியும் கணத்தில் கணனி நின்றது. அயன் பெட்டியை வேறொரு சுவர்ப் பிளக்குக்கு மாற்றினார்கள். அத்தோடு தொல்லை தீர்ந்தது. ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் அந்தச் சிறுவன் ஒரு மாத காலம் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து விட்டான்.

மின்சாரம்: கண் சிமிட்டும் நேரம் போதும்

அயன் பெட்டிக்கும் கணனிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு எளிது. எமது நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். 1000 வோட் அயன் பெட்டி ஒன்று ஏறத்தாழ நாலேகால் அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கணனியும் திரையும் சேர்ந்து 250 வோட் என்று வைத்தால் அதுவும் ஓர் அம்பியருக்கு மேல். இரண்டும் சேர்ந்து ஐந்து அம்பியரைத் தாண்டி விடுகின்றன. பழைய வீடுகளில் உள்ள உருண்டை முள் ஐந்து அம்பியர் பிளக்குக்கு இது தாங்காது. தளர்ந்து போன மல்டி பிளக் என்றால் சொல்லவே வேண்டாம். அயன் பெட்டி சூடாகி நின்று, மறுபடி மின்சாரத்தை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிளக்கில் வோல்ட் சட்டெனக் குறையும்.

மின் விளக்கு அதனை ஒரு சிமிட்டலாகக் காட்டி விட்டுத் தொடர்ந்து எரியும். கணனியால் அப்படித் தொடர முடியாது. எமது மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 முறை சுற்றுகிறது. அதாவது, ஒரு சுற்று 20 மில்லி செக்கன். கணனியின் உள்ளே இருக்கும் பவர் சப்ளை என்ற பெட்டி, முழு வேலையில் இருக்கும் போது மின்சாரம் அறுந்தால் ஏறத்தாழ 16, 17 மில்லி செக்கன்கள் வரைதான் சமாளிக்கும். ஒரு சுற்று முழுதாகத் தவறினாலே சில கணனிகளுக்குப் போதும். மின் விசிறி சுற்றிக் கொண்டே இருக்கும், கணனி மட்டும் நின்று எழும். "கரண்ட் போகவே இல்லையே!" என்று நாம் வியப்பது இதனால்தான்.

எனவே முதலில் கணனியை மல்டி பிளக்கிலிருந்து கழற்றி, வேறோர் அறையில், தனியான சுவர்ப் பிளக்கில் இரண்டு நாள் இயக்கிப் பாருங்கள். பெட்டியின் பின்புறம் உள்ள மின் வயரையும் இறுக அழுத்திச் செருகுங்கள். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மின் கேத்தல் ஆகியவை இயங்கத் தொடங்கும் கணத்தில் கணனி நிற்கிறதா என்றும் பாருங்கள். ஃபிரிட்ஜும் மோட்டாரும் தொடங்கும் கணத்தில் வழமையை விடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பவை.

யு.பி.எஸ். வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு விடயம் உண்டு. அதனுள் இருக்கும் பெட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடங்கள்தான் உழைக்கும். சூடான இடத்தில் வைத்தால் அதற்கும் குறைவு. பெட்டரி செத்த பின்னர் காக்க வந்த யு.பி.எஸ்.தான் கணனியை வீழ்த்துகிறது. அதனைத் தவிர்த்து விட்டு நேரே சுவர்ப் பிளக்கில் கணனியைக் கொடுத்துப் பாருங்கள். தொல்லை நின்றால் மாற்ற வேண்டியது யு.பி.எஸ். பெட்டரியை மட்டுமே.

லெப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இச்சோதனை இன்னும் இலகு. அதனுள்ளே நல்ல பெட்டரி இருந்தால் வீட்டு மின்சாரத்தின் சிமிட்டல் அதனைத் தொடாது. சார்ஜரைக் கழற்றி விட்டுப் பெட்டரியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். அப்போதும் நின்று எழுந்தால் குற்றம் சுவர்ப் பிளக்கிலும் இல்லை, சார்ஜரிலும் இல்லை. வேறிடத்தில் தேட வேண்டும்.

கணனிப் பெட்டியின் இரும்பைத் தொடும் போது விரலில் மெல்லிய கிறுகிறுப்புத் தெரிகிறதா? அந்தப் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லை அல்லது அறுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இதனை அலட்சியம் செய்ய வேண்டாம். பிள்ளைகளை விலக்கி வைத்து விட்டுத் தகுதியுள்ள மின் வேலைக்காரர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

கரண்ட் போய் விட்டால் உடனே கணனியின் பிளக்கைக் கழற்றி விடுங்கள். திரும்பி வந்து சில நிமிடங்கள் கழிந்த பின்னரே செருகுங்கள். வரும் போது மின்சாரம் கூடிக் குறைந்து தடுமாறலாம். இடி மின்னல் காலத்திலும் இவ்வாறே செய்யுங்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறையில் உள்ள உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அப்போது மின்சக்தி அமைச்சர் கூறினார். ஒரு நாட்டின் மின்சாரமே இவ்வளவு சிறிய காரணத்தால் நிற்கும் போது, எமது வீட்டுக் கணனி ஓர் அயன் பெட்டியால் நிற்பதில் வியப்பில்லை.

சூடும் தூசும்

கொப்பியில் எழுதியதைப் பாருங்கள். தொடங்கி இருபது, முப்பது நிமிடங்களின் பின்னர்தான் நிற்கிறதா? வீடியோ பார்க்கும் போதும் விளையாடும் போதும் அதிகமாக நிற்கிறதா? நின்று எழுந்த பின் அடுத்த முறை இன்னும் விரைவாக நிற்கிறதா? அப்படியாயின் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கணனியின் மூளை போன்ற பாகம் வேலை செய்யச் செய்யச் சூடாகும். அதன் மேல் உலோகத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் பொருத்தப்பட்டிருக்கும். சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும் போது இன்றைய கணனிகள் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால், கருகிப் போகாமல் காத்துக் கொள்வதற்காக நின்று விடும்.

எமது வீடுகளில் இச்சூட்டுக்குக் காரணமானவை சில. பெட்டியின் காற்றுத் துவாரங்களைச் சுவரோடு ஒட்டி வைக்கிறோம். பூவேலை செய்த துணி உறையைப் போட்டு மூடுகிறோம். அந்த உறை அழகுதான். ஆனால் கணனி இயங்கும் போது அதனை முழுமையாக எடுத்து விட வேண்டும். லெப்டொப்பை மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்து எழுதும் பிள்ளைகள், அதன் அடியிலுள்ள காற்று வழியை அடைத்து விடுகிறார்கள். ஒரு மரப் பலகையோ தட்டையான தட்டோ இடையில் இருந்தால் போதும்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் தூசோடு உப்புக் காற்றும் ஈரமும் சேரும். அவை உலோக முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பல்லியும் கரப்பானும் எறும்பும் உள்ளே குடியிருப்பதும் உண்டு. நிறுத்திய பின்னும் உள்ளே இருக்கும் இளஞ்சூடு அவற்றுக்குப் பிடித்தமானது.

மேசைக் கணனியாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். கணனியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பக்கக் கதவை மட்டும் எடுத்து விடுங்கள். பின்னர் ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, பிள்ளைகளை விலக்கி, கணனியை இயக்குங்கள். உள்ளே கை வைக்க வேண்டாம். இப்போது ஒரு மணித்தியாலம் நிற்காமல் இயங்கினால், நோய் சூடுதான்.

சுத்தம் செய்வதாயின் பிளக்கைக் கழற்றிய பின் மின் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்து விடும். பெட்டியை வெளியே கொண்டு போய், காய்ந்த மென்மையான தூரிகையால் தகடுகளிலும் விசிறியிலும் உள்ள தூசைத் தட்டுங்கள். விசிறி சுழன்று விடாமல் ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். ஈரத் துணி கூடாது. அதனையும் விட முக்கியமானது: பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டியை ஒரு போதும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

விசிறி சுற்றியும் தூசு நீங்கியும் சூடு குறையாவிட்டால், மூளைப் பாகத்துக்கும் தகட்டுக்கும் இடையில் பூசியிருக்கும் பசை காய்ந்திருக்கலாம். அதனைப் புதிதாகப் பூசுவது சிறிய வேலை. ஆனால் பழகியவர் செய்ய வேண்டியது.

உள்ளே தளர்ந்த பாகம்

நேரமும் ஒழுங்கும் இன்றி, ஒரு நாள் எழுதும் போதும் மறுநாள் சும்மா இருக்கும் போதும் நின்றால், ரெம் எனப்படும் நினைவகத் துண்டைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் கணனிகளில் இதனைச் சோதிக்க ஒரு வசதி உள்ளேயே இருக்கிறது. தேடல் பெட்டியில் மெமரி டயக்னொஸ்டிக் என்ற ஆங்கிலச் சொற்களைத் தட்டினால் அது வரும். கணனி மறுபடி தொடங்கி, தானே சோதித்து, பிழை இருந்தால் சொல்லும். சில வேளை அத்துண்டு தளர்ந்திருப்பதே குற்றமாக இருக்கும். கழற்றிச் சரியாகச் செருகினால் தீர்ந்து விடும்.

அண்மையில் புதிதாக எதையாவது மாட்டினீர்களா? புதிய ரெம், புதிய பிரின்டர், யாரோ தந்த பழைய யு.எஸ்.பி. கருவி? அதனைக் கழற்றி விட்டு இரண்டு நாள் பாருங்கள். முன்பக்க மின் பொத்தான் உள்ளே சிக்கிக் கொண்டு தானாக அழுந்துவதும் உண்டு.

பழைய கணனிகளின் தாய்ப்பலகையில் சிறு உருளைகள் போன்ற மின்தேக்கிகள் இருக்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ கசிந்தோ இருந்தால் அதுதான் நோய். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் பல கணனிகளைக் கெடுத்தன.

மென்பொருள் சொல்லும் செய்தி

இது வரை சொன்னவற்றுக்கும் மென்பொருளுக்கும் வேறுபாடு காண ஓர் எளிய வழி இருக்கிறது. கணனி தொடங்கும் முதல் சில செக்கன்களில் குறித்த விசையை அழுத்தினால் பயோஸ் என்ற அமைப்புத் திரை வரும். டிலீட் அல்லது எஃப் 2 விசை பல கணனிகளில் இதற்குரியது. எதனையும் மாற்றாமல் அத்திரையிலேயே அரை மணித்தியாலம் விட்டு வையுங்கள். விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. அப்போதும் கணனி நின்று எழுந்தால், குற்றம் விண்டோஸிலும் இல்லை, பிள்ளை விளையாடிய விளையாட்டிலும் இல்லை. சில கணனிகளில் உள்ளே இருக்கும் சூட்டின் அளவையும் அதே திரையில் காணலாம்.

கடுமையான பிழை ஏற்பட்டால் விண்டோஸ் ஒரு செய்தியைக் காட்டி விட்டு மறுபடி தொடங்கும். நீண்ட காலம் நீல நிறத்தில் இருந்த இத்திரை, 2025 இல் விண்டோஸ் 11 இன் புதிய பதிப்பில் கறுப்பாக மாற்றப்பட்டது. அதனை வாசிப்பதற்குள் அது மறைந்து விடும். நிறுத்தி வைக்க முடியும். தேடல் பெட்டியில் எட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடித் திறவுங்கள். அங்கே ஸ்டார்ட்அப் அன்ட் ரிக்கவரி என்ற பகுதிக்குள் ஒட்டோமட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற வரிக்கு முன்னால் உள்ள அடையாளத்தை எடுத்து விடுங்கள். அடுத்த முறை செய்தி திரையில் அப்படியே நிற்கும். கைத் தொலைபேசியால் படமெடுத்துக் கொள்ளுங்கள். திருத்துபவருக்கு அந்தப் படம் வைத்தியரின் பரிசோதனை அறிக்கை போன்றது.

விண்டோஸ் தனக்கென ஒரு நாட்குறிப்பும் எழுதி வருகிறது. ஈவென்ட் வியூவர் என்ற இடத்தில் அதனைக் காணலாம். நின்ற நேரத்துக்கு நேரே 41 என்ற இலக்கம் இருந்தால், ஒழுங்காக மூடப்படாமல் கணனி சட்டென நின்றது என்று பொருள். காரணத்தை அது சொல்லாது. 1074 என்ற இலக்கம் இருந்தால், ஒரு மென்பொருளோ ஆளோ கேட்டுக் கொண்டதால் முறையாக மூடப்பட்டது என்று பொருள். கேட்டது யார் என்றும் அங்கேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் அது விண்டோஸ் புதுப்பித்தலாக இருக்கும். அப்படியாயின் கணனி பழுதாகவே இல்லை. விண்டோஸ் அப்டேட் அமைப்பில் எக்டிவ் அவர்ஸ் என்ற இடத்தில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தைக் குறித்து விட்டால், அந்நேரத்தில் புதுப்பித்தலுக்காக அது தானாக நின்று எழாது.

மென்பொருளால் கணனிகள் நின்று எழுந்த பெரிய நிகழ்ச்சிகளும் உண்டு. 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற தீய நிரல் இணையம் வழியே பரவியது. தாக்கப்பட்ட கணனிகளில் 60 செக்கன்கள் எண்ணிக்கை ஓடி, அது முடிந்ததும் கணனி மறுபடி தொடங்கும். அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். 2024 ஜூலை 19 இல் நடந்ததோ நேர்மாறு. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பித்தலால் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் வீழ்ந்தன என்று மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. அந்த மென்பொருள் நிறுவனங்களுக்கானது என்பதால் வீட்டுக் கணனிகள் பெரும்பாலும் தப்பின.

இவ்விரண்டிலிருந்தும் நாம் எடுக்க வேண்டிய பாடம், புதுப்பித்தலை நிறுத்துவதல்ல. புதுப்பித்தலைப் போட வேண்டும், பிரதியும் எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்து விட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைக்குக் கொண்டு போகும் போது

இவ்வளவும் செய்த பின்னரும் நோய் தீராவிட்டால் திருத்துபவரிடம் கொண்டு போகத்தான் வேண்டும். அப்போது "அடிக்கடி நிற்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கொப்பியைக் கையில் கொடுங்கள். "தனிப் பிளக்கிலும் நிற்கிறது. பக்கக் கதவைத் திறந்து விசிறி வைத்தும் நிற்கிறது. பயோஸ் திரையிலும் நிற்கிறது" என்று சொல்லும் ஒருவரிடம் எவரும் இலேசில் தேவையற்ற பாகத்தை விற்க முடியாது. நேர்மையாகத் தொழில் செய்பவரும், இவர்களே அதிகம், உங்களுக்கு நன்றி சொல்வார். அவருடைய அரை நாள் வேலையை நீங்கள் மிச்சப்படுத்தி விட்டீர்கள்.

மூன்று விடயங்களைக் கேட்டுக் கொள்ளுங்கள். எந்தச் சோதனை செய்து இம்முடிவுக்கு வந்தீர்கள்? மாற்றும் முன் விலையைச் சொல்வீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? பவர் சப்ளையில் சந்தேகம் என்றால், கடையிலுள்ள வேறொன்றை மாட்டி ஒரு நாள் இயக்கிப் பார்க்கச் சொல்லலாம். வாங்காமலே உண்மை தெரிந்து விடும்.

இன்னுமொன்று. எமது குடும்பங்களில் கல்யாண வீட்டுப் படங்களும் பெண்களின் படங்களும் கணனிக்குள்தான் கிடக்கின்றன. முன்பின் அறியாத ஒருவர் மேசையில் அவை நாட்கணக்கில் கிடப்பது சரியா? மேசைக் கணனியாயின், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்து விட்டுப் பெட்டியை மட்டும் கொடுக்கலாம். நின்று எழும் நோயை, கடைக்காரர் தனது டிஸ்கை மாட்டியே சோதிக்க முடியும். லெப்டொப்பாயின், பிரதி எடுத்த பின் படங்களை அதிலிருந்து நீக்கி விட்டுக் கொடுங்கள். நீக்கிய கோப்பை மீட்கவும் வழிகள் உண்டு என்பதால், தெரிந்த, நம்பிக்கையான ஒருவரிடமே கொடுங்கள். திருத்துபவருக்கு அது அமானிதம்தான். ஆனால் அமானிதத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்ப்பது எமது பொறுப்பு.

சகோதரிகளே! பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள்? எப்போது சூடு ஏறியது, என்ன சாப்பிட்டான், இருமல் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்த பின்னர்தானே வைத்தியரிடம் போகிறீர்கள்? வீட்டுக் கணனிக்கு வேண்டியதும் இதே கவனிப்புத்தான். அதற்குப் பட்டம் தேவையில்லை, ஆங்கிலமும் அதிகம் தேவையில்லை.

இன்றிரவே முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள். கணனிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வையுங்கள். ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். அது வரை அந்த வீட்டுப் பிள்ளை மீது எவரும் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.